ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கப் போகிறேன். எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

பூவரசு:
மகள் இந்த வருடம் ஒன்றாம் வகுப்பு. பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய டீச்சர் ஒரு உதவி கேட்டார். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் யாராவது வந்து, வகுப்பின் மூலையில் உட்கார்ந்து, பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசிப்பதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒருவரும் கை தூக்கவில்லை. அந்த அமைதி தாங்காமல் நான் தூக்கிவிட்டேன்.

இப்போது வயிற்றைக் கலக்குகிறது. நான் ஆசிரியர் இல்லை. வீட்டில் மகளை வாசிக்க உட்காரவைத்தால் பத்தாவது நிமிடம் அவள் கண்ணில் தண்ணீர், என் குரல் உச்சத்தில். "இதை நேத்துதானே சொல்லிக்கொடுத்தேன்" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று எண்ணினால் எனக்கே வெட்கமாகிவிடும். இந்த லட்சணத்தில் ஊரார் பிள்ளைகளிடம் என்ன செய்யப் போகிறேன்?

பிள்ளை திணறினால் உடனே சொல்லிக்கொடுக்கலாமா? வாசிக்கவே மாட்டேன் என்றால்? என் மகளும் அதே அறையில் இருப்பாளே, அவளை எப்படிச் சமாளிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அடுத்த புதன்கிழமை முதல் நாள்.

கடைசிபெஞ்ச்:
முதல் வாரம் நானும் போயிருக்கிறேன். அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். தரையில் பாய் கேளுங்கள். மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

சிலேட்டுக்குச்சி:
19 வருடமாகச் சின்ன வகுப்புகளோடுதான் என் பிழைப்பு. டீச்சர் ஏன் இதைக் கேட்டார் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வகுப்பில் 30 பிள்ளைகள், ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வையுங்கள். நான் வேறெதுவுமே செய்யாமல் ஒவ்வொருவரையும் வாசிக்கவைத்துக் கேட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம் இருபது நொடி. வருகைப்பதிவு, மூக்கு ஒழுகல், "மிஸ், இவன் என் பென்சிலை எடுத்துட்டான்" எல்லாம் போக ஒரு வரிகூடத் தேறாது. எழுத்து சொல்லிக்கொடுக்க நான் இருக்கிறேன். சொல்லிக்கொடுத்ததை வாய்விட்டு வாசித்துப் பழக, அவசரமில்லாத ஒரு காது வேண்டும். அந்தக் காதைத்தான் உங்களிடம் கேட்கிறார்.

அதனால் பூவரசு, நீங்கள் ஆசிரியர் இல்லை என்பது குறையே இல்லை. என் அனுபவத்தில் உதவிக்கு வரும் பெற்றோரில் சிரமப்படுத்துபவர்கள், பாடம் நடத்த ஆரம்பித்துவிடுபவர்கள்தான்.

உங்கள் முதல் கேள்விதான் முக்கியமானது. திணறினால் உடனே சொல்லாதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். எண்ணிப் பார்த்தால்தான் தெரியும், ஐந்து நொடி என்பது எவ்வளவு நீளம் என்று. நியூசிலாந்தில் மெக்நாட்டன், கிளின், ராபின்சன் என்ற மூவர் பெற்றோருக்காக உருவாக்கிய முறை இது. 1981இல் புத்தகமாக வந்தது. பொறு, துப்புக் கொடு, பாராட்டு, மூன்றே படிகள். பிள்ளை நின்றுவிட்டால் ஐந்து நொடி பொறுக்க வேண்டும். தப்பாக வாசித்தால் அந்த வாக்கியம் முடியும்வரை பொறுக்கலாம், பாதிப் பிள்ளைகள் அதற்குள் தாங்களே திரும்பிவந்து திருத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் துப்பு. அதுவும் பலிக்கவில்லையென்றால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள், அதிலேயே தொங்க வேண்டாம்.

பொறுமை எங்களுக்கும் சுலபமாக வருவதில்லை. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடிக்கு நீட்டியபோது பதில்கள் நீளமாயின. வாய் திறக்காதவர்கள் பேசினார்கள். பயிற்சி எடுத்த எங்கள் கதையே இப்படி. அம்மா அப்பாவுக்கு, அதுவும் சொந்தப் பிள்ளையிடம், அந்த ஒரு நொடிகூட இருக்காது.

இன்னும் சில. கதவு திறந்திருக்கும் இடத்தில், டீச்சர் கண்ணில் படும்படி உட்காருங்கள். கழிப்பறை, காயம், அழுகை என்றால் டீச்சரைக் கூப்பிடுங்கள், நீங்களே கூட்டிப்போக வேண்டாம். எந்தப் பிள்ளை எப்படி வாசிக்கிறது என்பது அந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது. வாசலில் இன்னொரு அம்மா "என் பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்பார், நிச்சயம் கேட்பார். "டீச்சரைக் கேளுங்க" என்பதைத் தவிர உங்களிடம் வேறு பதிலே இருக்கக்கூடாது. வாட்ஸ்அப் குழுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ராப்பகல்:
எல்லோரும் கோபப்பட்டாலும் பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன். இது ஆசிரியரின் வேலை இல்லையா? ஆள் போதவில்லையென்றால் ஆள் போடட்டும். சம்பளமில்லாத அம்மாக்களை வைத்து ஓட்டையை அடைத்தால் ஓட்டை இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகும். (அப்பாக்கள் என்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? கூட்டத்தில் கேட்கும்போது எல்லோர் பார்வையும் அம்மாக்கள் பக்கம்தான் திரும்பும்.)

இன்னொன்று. என் பையன் வகுப்பில் உதவிக்கு வந்த ஒருவர் உண்மையில் வேவு பார்க்கத்தான் வந்தார். டீச்சர் என்ன சொன்னார், யார் அழுதது, யார் நோட்டில் நட்சத்திரம் என்று எல்லாம் வீடுவீடாகப் போனது. அதற்கு யார் பொறுப்பு?

சிலேட்டுக்குச்சி:
ராப்பகல் சார், கோபமே இல்லை. பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். எழுத்தையும் ஒலியையும் சேர்க்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அதைப் பெற்றோர் தலையில் கட்டினால் நான் சம்பளம் வாங்குவதில் அர்த்தமில்லை. ஆள் போடச் சொல்லி நீங்கள் போராடினால் முதல் வரிசையில் நான் நிற்பேன்.

ஆனால் வாசிப்பதைக் கேட்பதை வெறும் ஓட்டை அடைப்பு என்று தள்ளிவிட முடியாது. லண்டனில் ஹேரிங்கே பகுதியில் 1970களின் பிற்பகுதியில் ஒரு சோதனை நடந்தது, முடிவு 1982இல் வெளியானது. சில வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரிடம் தவறாமல் வாசித்துக் காட்டினார்கள். வேறு சில வகுப்புகளுக்குப் பள்ளியிலேயே கூடுதல் ஆசிரியர் உதவி கிடைத்தது. தெளிவாக முன்னேறியது வீட்டில் வாசித்துக் காட்டியவர்கள். அந்தப் பெற்றோரில் சிலருக்கு ஆங்கிலமே வராது, சிலருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. அது தடையாக இருக்கவில்லை. முதல் தடவை படித்தபோது ஓர் ஆசிரியராக எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேவு பார்ப்பவர்களுக்கு மருந்து உண்டு. முதல் நாளே டீச்சர் உட்காரவைத்து விதிகளைச் சொல்ல வேண்டும். மீறினால் அடுத்த வாரம் அழைப்பு கிடையாது. உங்கள் மகன் வகுப்பில் அது நடக்கவில்லை போலிருக்கிறது.

அரைநிஜார்:
எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். சாயங்காலம் வேலை செய்துகொண்டே "படி, கேட்கிறேன்" என்பார். நான் வரிகளை விழுங்கிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால், "என்னடா, அவன் இப்பத்தான் ஆத்துக்குப் போனான், அதுக்குள்ள எப்படி வீட்டுல இருக்கான்?" என்று பிடித்துவிடுவார். எழுத்து தெரியாது. கதையில் விழுந்த ஓட்டை தெரியும். அந்தக் காதை ஏமாற்ற முடியாமல்தான் நான் ஒழுங்காக வாசிக்கக் கற்றேன்.

கடைசிபெஞ்ச்:
அரைநிஜார் அண்ணே, இதற்கு நூறு லைக் போட வழியில்லையா?

இலக்கணப்புலி:
"தப்பாக வாசித்தால் பொறுங்கள்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிழை அந்த இடத்திலேயே களையப்பட வேண்டும். இன்று "ஓடியது" என்பதை "ஓடுச்சு" என்று வாசிக்கும் பிள்ளையை விட்டுவைத்தால் நாளை அப்படியே எழுதும். ஏற்கனவே ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிட்டன.

சிலேட்டுக்குச்சி:
ஐயா, நீங்கள் சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன், அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

"நாய் வேகமாக ஓடியது" என்று அச்சிட்டிருக்கிறது. பிள்ளை "நாய் வேகமா ஓடுச்சு" என்று வாசிக்கிறது. அது எழுத்தைப் பார்த்திருக்கிறது, பொருளைப் பிடித்திருக்கிறது, பிறகு தன் வாய்மொழியில் சொல்லியிருக்கிறது. நம் மொழியில் பேச்சு ஒரு கரை, எழுத்து இன்னொரு கரை. ஆறு வயதில் அந்தப் பிள்ளை கண்ணால் ஒன்றைப் பார்த்து வாயால் இன்னொன்றாக மாற்றுகிறது என்றால், அது ஒரு பெரிய வேலை. நான் நிறுத்த மாட்டேன். வாக்கியம் முடிந்ததும் "சரியாப் புரிஞ்சுக்கிட்ட. புத்தகத்துல எப்படி எழுதியிருக்கு, விரல் வச்சுக் காட்டு" என்பேன். தானே பார்த்து "ஓ-டி-ய-து" என்று சொல்லிச் சிரிக்கும்.

இன்னொரு பிள்ளை "அவனுக்கு மனம் வலித்தது" என்பதை "அவனுக்கு மரம் வலித்தது" என்று வாசித்துவிட்டு நிற்காமல் போகிறது. இங்கே பொருளே உடைந்துவிட்டது, பிள்ளைக்கு அது உறைக்கவில்லை. எனக்குக் கவலை தருவது இந்தப் பிழைதான். இதற்கும் வாக்கியம் முடியும்வரை பொறுத்துவிட்டு "மரமா வலிச்சுது?" என்று கேட்டால் போதும்.

இரண்டையும் ஒரே சிவப்பு மையால் திருத்தினால், பொருள் புரிந்து வாசித்த பிள்ளைக்கும் அது தப்பு என்றுதான் கேட்கும்.

இலக்கணப்புலி:
மரம் வலித்தது... சரி. ஆனால் ல, ள, ழ?

சிலேட்டுக்குச்சி:
அதை எனக்கு விடுங்கள். உதவிக்கு வரும் அம்மாவுக்கு வேண்டாம்.

மைப்புள்ளி:
பூவரசு அக்கா, நான் எழுத்துரு வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை என் மகனிடம் கவனித்துக் குறித்துவைத்திருக்கிறேன். துப்புக் கொடுக்க உதவும்.

"கொடி" என்ற சொல்லைப் பாருங்கள். வாயில் "க்" முதலில் வருகிறது, தாளிலோ கொம்பு முதலில் நிற்கிறது. இடது பக்கம் கொம்பு, நடுவில் க, வலது பக்கம் கால். மூன்றையும் ஒரே பார்வையில் அள்ளினால்தான் "கொ". ஒவ்வொன்றாகப் பார்க்கும் பிள்ளைக்கு அந்தத் துணைக்கால் "ர" போலவே தெரியும். என் மகன் பல நாள் "கெரடி" என்றுதான் வாசித்தான். கரடிக்குத் தங்கச்சி என்று நினைத்திருப்பான். அவனை "நல்லாப் பாரு, நல்லாப் பாரு" என்று அதட்டினேன். அவன் நன்றாகத்தான் பார்த்திருக்கிறான். அதுதான் பிரச்சினை! கொம்பையும் காலையும் இரண்டு விரலால் தொட்டு "இவங்க ரெண்டு பேரும் க-வோட கூட வந்தவங்க" என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. "மௌனம்" இன்னும் மோசம், அது "மெளனம்" ஆகத்தான் செய்யும்.

இன்னொரு பொறி ஒலி. கல், பகல், தங்கம் மூன்றிலும் அதே க, ஆனால் ஒலி மூன்று விதம். எழுத்துக்கூட்டி "ப... க... ல்" என்று கல்லில் வரும் க-வாகவே சொன்னால் அது பிள்ளைக்குத் தெரிந்த சொல்லாகக் கேட்காது. அப்போது "வேகமாச் சேர்த்துச் சொல்லிப் பாரு, உனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான்" என்பது நல்ல துப்பு. 247 எழுத்து என்று பயமுறுத்துகிறோம். உண்மையில் பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டியது 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், பிறகு அந்தக் கொம்பு, கால், சுழி, விசிறி ஆகியவற்றின் குணம். உகர ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து வேஷம் மாற்றிப் படுத்தும்.

பூவரசு:
கெரடி! என் மகளும் இதையேதான் செய்கிறாள். நானும் "நல்லாப் பாரு" கோஷ்டிதான். இன்று இரவு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஸ்டிக்கர்மாமா:
ஒரு யோசனை. ஒரு பக்கம் வாசித்தால் ஒரு ஸ்டிக்கர், பத்து ஸ்டிக்கர் சேர்ந்தால் ஒரு பரிசு. என் அண்ணன் மகள் வீட்டில் பறந்து பறந்து வாசிக்கிறாள்.

ராப்பகல்:
ஸ்டிக்கர் தீர்ந்த பிறகு?

ஸ்டிக்கர்மாமா:
...இன்னும் தீரவில்லை. :)

அரைநிஜார்:
1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் செய்த சோதனை நினைவுக்கு வருகிறது. வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம் "வரைந்தால் சான்றிதழ் உண்டு" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தால், சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். திடீர்ப் பரிசு வாங்கியவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை.

ஆனால் ஒன்று, அவர்கள் ஏற்கனவே ஆசையுள்ள பிள்ளைகள். புத்தகத்தைக் கண்டாலே ஓடும் பிள்ளையை முதல் தடவை உட்காரவைக்க ஒரு ஸ்டிக்கர் போனால் குடி முழுகிவிடாது. ஆசையாக வாசிப்பவளுக்குக் கூலி பேசாதீர்கள் மாமா.

ராவேலை:
இந்த இழையைப் படிக்கப் படிக்க எனக்குக் குற்ற உணர்ச்சிதான் கூடுகிறது. இரவுப் பணி. பகலில் தூங்கினால்தான் மறுநாள் நிற்க முடியும். பிள்ளையின் வகுப்புக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. வந்து உட்காரும் அம்மாக்களின் பிள்ளைகளை டீச்சர் கூடுதலாகக் கவனிப்பார் என்று ஒரு பயம் வேறு.

சிலேட்டுக்குச்சி:
அப்படிக் கவனித்தால் அந்த டீச்சர் மேல் தப்பு. நான் செய்ததே இல்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவும் மாட்டேன், மனித மனம்தானே. அதனால்தான் என் வகுப்பில் உதவிக்கு வருபவர் தன் பிள்ளையைக் கேட்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறேன். பெயர்ப் பட்டியல் வரிசைப்படி யார் வருகிறார்களோ அவர்கள்தான்.

ராவேலை அம்மா, உங்களிடம் நான் கேட்பது வேறு. கைப்பேசியில் ஒரு கதையை வாசித்துப் பதிவுசெய்து வையுங்கள். நிதானமாக, பக்கம் புரட்டும் இடத்தில் ஒரு சின்னத் தட்டு. நீங்கள் வேலைக்குப் போன பிறகு அந்தக் குரலோடு பிள்ளை புத்தகத்தில் விரல் வைத்துப் போகட்டும். விரல் முக்கியம். எவன்ஸ், செயின்ட் ஆபின் இருவரும் 2005இல் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தார்கள். நாம் கதை வாசிக்கும்போது, இன்னும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் படத்தைத்தான் பார்க்கிறார்கள், எழுத்துப் பக்கம் கண் போவதே இல்லை என்று சொல்லலாம். அதில் தப்பில்லை, கதைக்குப் படம் வேண்டும். எழுத்தையும் பார்க்கவேண்டுமானால் விரல் அங்கே இழுத்துப் போக வேண்டும்.

ராவேலை:
பதிவுசெய்தேன். முதல் தடவை பின்னால் குக்கர் விசில். இரண்டாவது தடவை எனக்கே கொட்டாவி. மூன்றாவதை அனுப்பியிருக்கிறேன். கொட்டாவி விட்டதுதான் வேண்டுமாம், அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறான்.

பூவரசு:
மூன்று புதன்கிழமை முடிந்துவிட்டது. சொன்னபடி வந்து சொல்கிறேன்.

முதல் நாள் படுதோல்வி. மகள் என் மடியை விட்டு இறங்கவில்லை. வேறு பிள்ளை பக்கத்தில் வந்தால் புத்தகத்தின் மேல் கையை வைத்துவிட்டாள். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் அவளிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, "நீதான் ஒவ்வொருத்தரா அம்மாகிட்ட அனுப்பணும்" என்றார். இரண்டாவது வாரத்திலிருந்து அவள் அதிகாரி. என்னை "சீக்கிரம்" என்று விரட்டுகிறாள்.

ஒரு பையன். டீச்சர் அவனைப் பற்றி எதுவும் முன்கூட்டியே சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்தான், கடகடவென்று ஒரு பிழையில்லாமல் கடைசிப் பக்கம்வரை போனான். அசந்துவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டியும் கதை அறுபடவில்லை. முழுக்க மனப்பாடம். வீட்டில் என் மகள் இப்படிச் செய்திருந்தால் "ஏமாத்துறியா?" என்று பாய்ந்திருப்பேன். டீச்சரிடம் கேட்டேன். அது ஏமாற்று இல்லை, வாசிப்புக்கு முந்தின படி, அவனிடம் ஒரு சொல்லுக்கு ஒரு விரல் என்று மட்டும் கேளுங்கள் என்றார். அடுத்த வாரம் கேட்டேன். விரலும் வாயும் மூன்றாவது சொல்லிலேயே பிரிந்துவிட்டன. அவன் நின்றான். எழுத்தைப் பார்த்தான். முதல் தடவையாக உண்மையிலேயே பார்த்தான் என்று நினைக்கிறேன். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாக்கு நுனியில் அந்தச் சொல் துடிக்கிறது எனக்கு. நான்கு. "தொப்பி" என்றான். கொம்பு, கால் எல்லாம் சேர்த்து. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஏன் மூச்சு விடல?" என்று கேட்டான்.

வாசிக்க மாட்டேன் என்றவள் ஒருத்தி இருந்தாள். அவளிடம் "சரி, நான் வாசிக்கிறேன், தப்பு வந்தா நீ பிடி" என்றேன். வேண்டுமென்றே பூனையைப் பானை என்றேன். இப்போது அவள்தான் கண்டிப்பான டீச்சர். இன்னும் தானாக வாசிக்கவில்லை. பார்க்கலாம்.

வீட்டில் இன்னும் கத்துகிறேன். ஆனால் ஐந்து எண்ணிவிட்டுக் கத்துகிறேன்.

ராப்பகல்:
நானும் பெயர் கொடுத்துவிட்டேன். ஆள் போடச் சொல்லும் மனுவும் கொடுத்தாயிற்று, இரண்டும் ஒரே நாளில். தலைமையாசிரியர் எதற்குச் சிரிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

பூவரசு:
அருமை சார்! எல்லோருக்கும் இன்னொரு கேள்வி. வகுப்பு நூல் அலமாரியில் பாதிப் புத்தகம் முதுகு பிரிந்து கிடக்கிறது. ஒட்டித் தருகிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன். செல்லோடேப் போடலாமா?

மைப்புள்ளி:
வேண்டாம் அக்கா. சில வருடத்தில் மஞ்சளாகிப் பசை கசிந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பசையை மெல்லிய தூரிகையால் முதுகின் உள்பக்கம் தடவி, உபரியைத் துடைத்து, நடுவில் பிளாஸ்டிக் தாள் செருகி, மேலே கனமான புத்தகம் வைத்து ஓர் இரவு விடுங்கள். எத்தனை புத்தகம்?

பூவரசு:
41.

கடைசிபெஞ்ச்:
ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். நாற்காலி மட்டும் பெரியதாகப் போடுங்கள்.